ஐயேழு முப்பத்தைந்து, மிச்சம் ஐந்து

சம்பூர்ணம் டீச்சரைப் பற்றி எழுத உனக்கு என்னய்யா யோக்கியதை என்று யாராவது கேட்கலாம். நியாயம்தான். எங்கள் உயர்நிலைப் பள்ளியில் அந்த அம்மாளோடு அதிகமாகச் சண்டை போட்டவன் நான்தான். என் பெயர் வைரக்கண்ணு, கணக்கு வாத்தியார். நான் வகுப்பில் கத்தினால் பாடாலூர் ரோட்டில் போகிற லாரிக்காரன் பிரேக் போடுவான் என்று பிள்ளைகள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த அம்மாள் தையல் டீச்சர். ஊர் விக்கிரமங்கலம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் வேலை செய்து படிக்க வைத்தவர்கள். எழுபத்து நான்கில் எங்கள் பள்ளிக்கு வந்தார். தையல் அறையில் இரண்டு கால் மெஷின். ஒன்றுக்கு எப்போதும் பெல்ட் அறுந்திருக்கும். ஒரு வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியட் தையல். அந்த இரண்டும் அவருக்கு முழுசாகக் கிடைத்த வாரமே கிடையாது.

"டீச்சர், போர்ஷன் முடியலை. உங்க பீரியடைக் குடுங்க" என்று நான் போய் நிற்பேன்.

"எடுத்துக்குங்க சார். ஊசி எங்க ஓடிடப் போவுது?" என்பார். நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை.

எண்பத்தொன்று ஜூன். வழக்கமாக டைம்டேபிள் போடுகிறவர் மாற்றலாகிப் போய்விட்டார். எங்கள் ஹெட்மாஸ்டர் சாமிதுரை சார் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, "யாருங்க போடுறீங்க?" என்றார். எல்லாரும் மேலே ஃபேனைப் பார்த்தோம். அது ஓடவே இல்லை. டைம்டேபிள் போடுகிறவனுக்கு வருஷம் முழுக்கத் திட்டுதான் மிச்சம் என்று எங்களுக்குத் தெரியாதா? அப்போது மூலையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. பார்த்தால் சம்பூர்ணம் டீச்சர்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "டைம்டேபிள் என்ன பாவாடையா டீச்சர், நாடாவைக் கோத்து முடிச்சுப் போட?"

"பாவாடைக்கும் அளவு எடுத்துத்தான் சார் வெட்டணும்" என்றார். அதோடு போய்விட்டார்.

மறுநாள் வேடிக்கை பார்க்கலாம் என்று தையல் அறைக்குப் போனேன். மேஜை மேல் ஒரு பழைய வெள்ளை வேட்டி. அதில் துணிக்குக் கோடு போடுகிற சாக்கால் நாற்பது கட்டம்: ஐந்து நாள், நாளைக்கு எட்டு பீரியட். பாடத்துக்கு ஒரு கலரில் துண்டுத் துணி வெட்டி, குண்டூசியால் குத்திக் கொண்டிருந்தார். தமிழுக்கு மஞ்சள், இங்கிலீஷுக்கு நீலம், அறிவியலுக்குப் பச்சை, சமூக அறிவியலுக்கு ஊதா, என் கணக்குக்குச் சிவப்பு. ஒவ்வொன்றிலும் ஏழு துண்டு. மிச்சமிருந்த பீரியடுகளுக்கு அழுக்கு வெள்ளையில் சில துண்டுகள் ஓரமாகக் கிடந்தன. எனக்குச் சிவப்பு கிடைத்தால் போதும் என்று வந்துவிட்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியில் முதல் பீரியட் என்றால் கணக்கு. காலையில் மூளை பளிச்சென்று இருக்கும், கணக்கு ஏறும் என்று எப்போதோ யாரோ சொன்னது. நான் பத்து 'பி' பிரிவுக்கு வாரத்தில் ஐந்து நாளும் முதல் பீரியட் எடுப்பேன். பிந்தி வந்தால் உள்ளே விடமாட்டேன். பீரியட் முடியும் வரை வாசலில் நிற்க வேண்டியதுதான். தினமும் பெண் பிள்ளைகள் ஒரு கூட்டம் நிற்கும். சோம்பேறிக் கழுதைகள் என்று வாய் கூசாமல் திட்டுவேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் ரூம் சுவரில் டைம்டேபிள் ஒட்டியாயிற்று. பத்து 'பி'யைத் தேடினேன். முதல் பீரியட்: திங்கள் பி.டி., செவ்வாய் தையல், புதன் நீதிபோதனை, வியாழன் பி.டி., வெள்ளி தையல். ஒரு நாள் கூடக் கணக்கு இல்லை! எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அந்தத் தாளைச் சுவரிலிருந்து அப்படியே கிழித்து எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் ரூமுக்கு ஓடினேன்.

"சார், பப்ளிக் எக்ஸாம் வகுப்பு சார்! காலையில குதிச்சு ஆடிட்டு, சாப்பிட்டுத் தூங்குற நேரத்துல கணக்கு போடணுமாம். இந்த அம்மாவை யாரு சார் இதுல கைய வைக்கச் சொன்னது?"

ஹெட்மாஸ்டர் ஆள் விட்டார். டீச்சர் வந்தார். நான் கத்தி முடிக்கும் வரை நின்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"முதல் பீரியட் எத்தனை மணிக்கு சார் முடியுது?"

"பத்து பத்துக்கு. அதுக்கென்ன இப்ப?"

"டவுன் பஸ் எத்தனை மணிக்கு சார் வருது?"

எனக்குத் தெரியவில்லை. நான் சைக்கிளில் வருகிறவன்.

"பத்து மணிக்கு மேலதான் சார் வருது. அதுக்கு முன்னாடி பஸ்ஸே கெடையாது. பசங்களுக்கு வூட்டுல சைக்கிள் வாங்கிக் குடுத்துடுறாங்க. பொண்ணுங்களுக்கு யாரு குடுக்குறா? ஒம்பது பொண்ணுங்க அந்த பஸ்ஸுலதான் வருதுங்க. வந்ததும் உங்க வாசல்ல நிக்குதுங்க. எதுத்த ரூம்லேருந்து நான் பாத்துக்கிட்டேதான இருக்கேன். நீங்க வாரத்துக்கு ஏழு பீரியட் கணக்கு எடுக்குறீங்க. அதுங்களுக்குக் கிடைக்கிறது ரெண்டு."

டீச்சர் ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"போன வருஷம் கணக்குல மட்டும் ஃபெயிலான ஆறு பேரும் யாருன்னு ரெஜிஸ்டரைப் பாருங்க சார். ஆறும் பஸ்ஸுல வந்த பொண்ணுங்க."

ஹெட்மாஸ்டர் ரெஜிஸ்டரைப் புரட்டினார். அவர் விரல் ஆறு இடத்தில் நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டார். "சரிம்மா. முதல் பீரியட் அஞ்சுக்கும் வேற பாடம் எங்கேருந்து வந்துது?"

"அஞ்சு பாடத்துக்கு ஏழேழு, முப்பத்தஞ்சு சார். நாப்பதுல மிச்சம் அஞ்சு. பி.டி. ரெண்டு, தையல் ரெண்டு, நீதிபோதனை ஒண்ணு. காலையும் அஞ்சுதான். அளந்து வெட்டுன மாதிரி உக்காந்துடுச்சு."

அடப்பாவி! ஐயேழு முப்பத்தைந்து. இந்த வாய்ப்பாட்டை எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றிச் சொல்ல வைத்திருக்கிறேன்! கணக்கு வாத்தியாருக்குத் தெரியாத கணக்கைத் தையல் டீச்சர் போட்டுவிட்டாரே!

"அப்ப அந்தப் பொண்ணுங்களுக்குத் தையலே இல்லாம போயிடுமேம்மா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"போவட்டும் சார். ஊசி எங்க ஓடிடப் போவுது? நானே எஸ்.எஸ்.எல்.சி.யில கணக்கை மூணு தடவை எழுதுனவ. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்." அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "பூமாலைன்னு ஒரு பொண்ணு. கணக்குல போனா பருத்தி எடுக்க அனுப்பிட்டு, அதுக்கு அப்புறம் வர்ற தையில கல்யாணம்னு அவ அப்பா செல்லமுத்து சொல்லிட்டாரு. ஒரு வருஷம் விட்டுப் பாருங்க சார்."

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். நடுவில் கிழிந்திருந்தது. பசை வாங்கி வந்து நானே ஒட்டினேன்.

அந்த வருஷத்தை என்னவென்று சொல்வேன்! மூன்றாவது பீரியட் உள்ளே போனால் ஒன்பது பெண்களும் முன் பெஞ்சில். பூமாலை கேள்வி கேட்டே என் பிராணனை வாங்கினாள். "சார், அது ஏன் சார் மைனஸ் ஆவுது?" ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பாள். வாசலில் நின்றபோது வாயே திறக்காத பெண் அது! காலாண்டில் அறுபத்தொன்று எடுத்தாள். நம்பாமல் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். அறுபத்தொன்றேதான். அன்றைக்குத் தையல் அறை வாசலில் போய், "டீச்சர், அறுபத்தொண்ணு!" என்று நான் கத்திய கத்தலில் ஏழாம் வகுப்பு எழுந்து நின்றுவிட்டது.

எண்பத்திரண்டில் பப்ளிக் ரிசல்ட். நம்பர் வந்த பேப்பர் எங்கள் ஊருக்கு எதில் வரும்? அதே பத்து மணி பஸ்ஸில்தான். ஒன்பதரைக்கே ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டோம். நானும் டீச்சரும் ஒரு பக்கம், ஊரிலிருந்து நடந்தே வந்துவிட்ட பூமாலையின் அப்பா செல்லமுத்து தோளில் துண்டோடு ஒரு பக்கம். பஸ் வருவேனா என்றது. ஒரு நாளைக்காவது சீக்கிரம் வரக் கூடாதா என்று அந்த பஸ்ஸை நான் திட்டியதுபோல் எந்த மாணவனையும் திட்டியதில்லை.

வந்தது. படியிலேயே பூமாலை, பிரித்துப் பார்க்கப் பயந்து, மடித்த பேப்பரோடு நின்றாள். பிடுங்கிப் பிரித்தேன். எட்டு நம்பர் வரிசையாக இருந்தது. ஒன்பதாவதைக் காணோம். பூமாலை நம்பர்! மறுபடி முதலிலிருந்து தேடினேன். டீச்சர் பேப்பரை வாங்கி, மடிப்பை விரலால் நீவிவிட்டார். மடிப்புக்குள் இருந்தது நம்பர்.

"இருக்கு சார்! இருக்கு!"

செல்லமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "கணக்குலயுமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"கணக்குலயுந்தான்யா!" என்றேன்.

பூமாலை படியிலிருந்து குதித்தாள். பஸ் கம்பியில் மாட்டித் தாவணி டர்ரென்று கிழிந்தது. டீச்சர் முந்தானையில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். அதை எடுத்து நீட்டினார். "ஒரு தையல் போடு பாப்போம்."

பூமாலை ஊசியைத் தலைகீழாகப் பிடித்து விரலில் குத்திக்கொண்டாள்.

"எனக்குன்னு இருந்தது ரெண்டு பீரியட். அதுல ஒண்ணுல கூட உன்னைக் காணோமேடி!" டீச்சர் சிரித்தார்; கண்ணில் தண்ணீர் கொட்டியது. அங்கேயே புளியமரத்தடியில் உட்கார்ந்து அந்தக் கிழிசலைத் தைக்க ஆரம்பித்தார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். "டீச்சர், இந்த வருஷம் என் ஏழுல ஒண்ணைத் தையலுக்கு எடுத்துக்குங்க. பஸ் வந்ததுக்கு அப்புறம் வர்ற பீரியடா பாத்து."

ஊசி நின்றது. நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குப் போர்ஷன் முடியாதே சார்?"

"முடியும் டீச்சர். எல்லாரும் உள்ளதான இருக்காங்க."