ஜான்சி பார்த்த வார்த்தை

என் தங்கை ஜான்சி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தபோது பிழைக்க மாட்டாள் என்றார்கள், பிழைத்தாள். காய்ச்சல் அவள் காதுகளை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டது. காது கேட்காத பெண்ணை வெளியே வேலைக்கு அனுப்பாதீர்கள் என்று இரும்புலியூரில் எங்கள் தெருவே சொன்னது, ஜி.எஸ்.டி. சாலையைத் தனியாகக் கடந்து வேலைக்குப் போனாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் டீ கிளாஸ் கழுவச் சேர்ந்தவள், அதே மன்றத்தில் சீட்டுப் பகிரும் டீலராக உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அதற்கு முன் பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. பல மன்றங்களிலிருந்து டீலர்கள் வந்த போட்டியில் ஒரு சீட்டுகூடப் புரளாமல் பகிர்ந்து முதல் பரிசு வாங்கினாள். அந்தக் கேடயம் எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாரம் ஒருமுறை நான்தான் துடைக்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். பெயர் ஜோஷ்வா. சானடோரியம் பக்கத்தில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில், தைத்து வந்த சட்டைகளில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இதில் எழுதியிருப்பது நானே பார்த்தது, இல்லாவிட்டால் ஜான்சி தன் கைகளால் எனக்குச் சொன்னது.

மன்றத்தின் மேனேஜர் பக்தவச்சலம், ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற மேசைகளில் ரம்மி ஓடும். ஜன்னல் ஓரத்து நீள்வட்ட மேசை மட்டும் போக்கருக்கு. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுப்பார்கள். நடுவில் ஐந்து சீட்டைப் பொதுவாகத் திறப்பார்கள். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்துப் பார்த்து யாருடையது பெரியது என்பதுதான் ஆட்டம். மேசைமேல் பணம் வரக் கூடாது. வட்ட வட்டமான சிப்ஸ் மட்டும்தான். வருடக் கடைசியில் ஒரு வெள்ளிக் கோப்பை.

அந்த மேசைக்கு மேலே சுவரில் பக்தவச்சலம் சார் தன் கையால் எழுதி ஒட்டிய விதிகள் இருக்கும். முறை வருமுன் வாய் திறக்காதே. ஆட்டத்திலிருந்து விலகி மடக்கிப் போட்ட சீட்டைப் பற்றிப் பேசாதே. சிப்ஸை வீசி எறியாதே, கோட்டைத் தாண்டி நகர்த்து. ஜெயித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியைக் காக்க வைக்காதே. எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு மையில்: தன் முறையில் சொன்ன வார்த்தை சொன்னதுதான், சிப்ஸ் நகராவிட்டாலும் செல்லும்.

கேட்காத டீலருக்கு இந்தக் கடைசி விதி இடிக்குமே என்று பக்தவச்சலம் சார் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். பேசுகிறவர்கள் கையாலும் காட்ட வேண்டும். பந்தயத்தை ஏற்றவில்லை என்றால் மேசையை இரண்டு தட்டு. இருப்பதையெல்லாம் வைக்கிறேன், அதாவது ஆல்-இன் என்றால் உள்ளங்கையை முன்னால் தள்ள வேண்டும். கை காட்ட மறந்தால் பக்கத்தில் இருப்பவர் காட்டிவிடுவார். ஜான்சி வந்த பிறகு அந்த மேசையில் சண்டை குறைந்தது என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. ஜான்சி உதடு படிப்பாள். வீட்டில் நாங்கள் அவளிடம் பாதி கையாலும் பாதி வாயாலும்தான் பேசுவோம். மன்றத்தில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்காதவளுக்கு எதுவும் தெரியாது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

அப்படி முடிவு செய்தவர்களில் முதல் ஆள் வேதாசலம். மேடவாக்கம் அபார்ட்மெண்டுகளுக்கு ஓடும் தண்ணீர் லாரிகளில் பாதி அவருடையவை. வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. எப்போதும் ஜான்சிக்கு நேர் எதிரில் உட்காருவார். பக்கத்தில் அவருடைய லாரிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரசன்னா.

"இந்தப் பொண்ணு மேசைன்னா நிம்மதிப்பா. செவுரு மாதிரி. இன்னா வேணா பேசலாம்" என்று அவர் சொன்னதை, அவர் சொன்ன அதே முகத்தோடு ஜான்சி எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள். அன்றைக்கு இருவரும் சிரித்தோம்.

ஜூன் மாதம் அகரம்தென்னில் கங்கையம்மாள் என்ற இட்லிக்கடைப் பெண் தண்ணீர் லாரி ஏறி இறந்தார். அங்கே விவசாயக் கிணறுகளில் லாரிகளுக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று மனு மேல் மனு கொடுத்து வந்தவர். ரிவர்ஸில் வந்த லாரியை அவர் கவனிக்கவில்லை, விபத்து என்று பேப்பரில் வந்தது. அடுத்த ஞாயிறு ஜான்சி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். வேதாசலம் சீட்டைப் பார்த்துக்கொண்டே பிரசன்னாவிடம் பேசியதை அப்படியே கையில் சொன்னாள்.

"ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதே நான்தான்டா. நீ இன்னாத்துக்கு பயப்புடுற?"

திரும்பச் சொல் என்றேன். திரும்பவும் அதையே சொன்னாள். உனக்கு உதடு தெரியும் என்று யாருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் உன்னை விட்டுவைக்க மாட்டார்கள் என்றேன். தலையாட்டினாள். அன்று சாப்பிடவில்லை.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் அவளை அழைத்து வர நானே போனேன். ஆகஸ்ட் முதல் ஞாயிறு கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். வாட்டர் ஃபில்டர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் வேதாசலம், பிரசன்னா, பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கஸ்தூரிரங்கன், சிறுசேரியில் சாப்ட்வேர் வேலை பார்க்கும் கேஷவ். பிரசன்னாவும் கஸ்தூரிரங்கனும் சீட்டை மடக்கிவிட்டார்கள். வேதாசலமும் கேஷவும் மட்டும் ஆட்டத்தில். வேதாசலத்தின் முறை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கையை அசைக்காமல், "ஆல்-இன்" என்றார். பெஞ்சில் இருந்த எனக்கே கேட்டது.

"கால்" என்று ஏற்றுக்கொண்டு கேஷவ் தன் சீட்டுகளைத் திறந்து வைத்தான். நடுவில் இருந்ததோடு சேர்த்தால் மூன்று ராஜா, இரண்டு ஏழு, எளிதில் தோற்காத கை. வேதாசலம் தன் சீட்டுகளைத் திறக்காமல் கவிழ்த்தே வைத்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, எதுக்கு சீட்டத் தொறந்துட்ட?"

"நீங்க ஆல்-இன் சொன்னீங்க சார். நான் கால் பண்ணேன்."

"நானா? என் சிப்ஸ்ல கைய வெச்சனா? டேய் பிரசன்னா, நான் எதுனா சொன்னேன்?"

"இல்லண்ணா. கொட்டாவி வுட்டீங்க."

வேதாசலம் சிரித்தார். கேஷவ் கஸ்தூரிரங்கனைப் பார்த்தான். "அங்கிள், உங்களுக்குக் கேட்டுச்சுல்ல? நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க."

கஸ்தூரிரங்கன் தன் சிப்ஸை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். "நான் சரியா கவனிக்கலப்பா. சாரி."

பக்தவச்சலம் சார் எழுந்து வந்தார். "தகராறுன்னா டீலர் சொல்றதுதான் முடிவு. அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

"நல்லா கீது பக்தா உன் கிளப்பு. செவிடிகிட்டப் போயி இன்னா கேட்டுச்சுன்னு கேக்கப் போறியா? கேளு கேளு. நானும் பாக்குறேன்."

எல்லோரும் ஜான்சியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் பெஞ்சிலிருந்து, தெரியாது என்று சொல், தெரியாது என்று சொல் என இடுப்புக்குக் கீழே கையை ஆட்டினேன். அவள் பார்த்தது எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சீட்டுக் கட்டைக் கீழே வைத்தாள். கையில் எதையும் ஒளிக்கவில்லை என்று டீலர் மேசையை விட்டு எழும்போது செய்வதுபோல இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் புரட்டிக் காட்டினாள். பிறகு வேதாசலத்தின் வாயைச் சுட்டினாள். தன் கண்களைச் சுட்டினாள். உள்ளங்கையை முன்னால் தள்ளினாள். ஆல்-இன்.

"இன்னா டிராமா இது?" என்றான் பிரசன்னா.

பக்தவச்சலம் சார் அவனைப் பார்க்கவில்லை. ஜான்சியைப் பார்த்து, சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்தார். அவள் கட்டை விரித்து டைமண்ட் ஒன்பதை எடுத்து அவர் முன் வைத்தாள். அவர் முகம் வெளுத்ததிலிருந்து அது சரி என்று தெரிந்தது. கேஷவும் அதேபோல் வாயை அசைத்தான். கிளாவர் ராணியை எடுத்து வைத்தாள்.

"ஓ மை காட்" என்றான் கேஷவ் மெதுவாக. "இவங்களுக்கு எல்லாமே தெரியுது."

அவன் வியந்துபோய்ச் சொன்னான். ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு யாரும் வியக்கவில்லை. ஜான்சி மூன்றாவதாக வேதாசலத்தின் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள். அவர் உதடு அசையவில்லை. இடது கையைத் தூக்கி வாயை மூடிக்கொண்டார். மூடியபடியே பக்தவச்சலம் சாரிடம் கேட்டார்.

"இந்தப் பொண்ணு எத்தினி நாளா இந்த மேசைல கீது?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் கண்கள் மேசையைச் சுற்றி வந்தன. அந்த இரண்டு வருடமும் அங்கே உட்கார்ந்து எதையெல்லாம் பேசினோம் என்று நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. பிறகு தன் சிப்ஸ் முழுவதையும், விதியில் சொன்னபடி, வீசாமல், கலைக்காமல், கோட்டைத் தாண்டி நகர்த்தினார். எழுந்தார். ஜான்சியின் முன்னால் வந்து நின்று கையை வாயிலிருந்து எடுத்தார். அவள் படிக்க வேண்டும் என்றே ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"நல்ல கண்ணு தங்கச்சி. பத்திரமா பாத்துக்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் திட்டினேன். அது வெறும் சீட்டாட்டம், அதற்காகவா உயிரைக் கொடுப்பாய் என்று கேட்டேன். அவர் ஆல்-இன் சொன்னார், நான் பார்த்தேன், டீலரைக் கேட்டார்கள், நான் வேறென்ன சொல்ல முடியும் என்றாள். கோபம் ஆறிய பிறகு எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பயம் மட்டும் போகவில்லை.

அந்த வாரம் பிரசன்னா எங்கள் தெருவுக்கு வந்து, "டீலர் பொண்ணு வூடு இதானே?" என்று எதிர்வீட்டு ஹில்டா அக்காவிடம் கேட்டுவிட்டுப் போனான். கூரியர்காரன் என்று நினைத்து அக்காவும் கையைக் காட்டியிருக்கிறார். மறுநாள் காலையில் எங்கள் தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வருவதில்லை, குழாய்த் தண்ணீர்தான். தண்ணீர் இறக்காமலே நின்றது. மறுநாளும் நின்றது.

நான் லீவு போட்டுவிட்டு அவளோடு நடந்தேன். கேம்ப் ரோடு சந்திப்புக்கு முன்னால், மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் போட்டிருந்ததால் சாலையோரமாகவே நடக்க வேண்டியிருந்தது. நான் வாழைப்பழம் வாங்க நின்றேன். அவள் நான்கைந்து அடி முன்னால் போய்விட்டாள். அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த லாரி பின்னோக்கி வரத் தொடங்கியது. பின்பக்க பீப் சத்தம் எனக்குக் கேட்டது. அவள் குனிந்து பள்ளத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். ஓடிப் போய்த் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மணல் குவியலில் விழுந்தோம். லாரி நின்றது.

டிரைவர் இறங்கவில்லை. பக்கக் கண்ணாடியில் அவன் முகம் மட்டும் தெரிந்தது, காதில் போன். ஜான்சி மணலில் உட்கார்ந்தபடியே அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். லாரி முன்னால் நகர்ந்து போன பிறகு, அவன் போனில் சொன்னதை எனக்குக் கையில் சொன்னாள்.

"இல்லண்ணா. அண்ணங்காரன் கூட கீறான்."

செங்கல்பட்டில் அத்தை வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். அவள் மறுத்தாள். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, நான் வாயை மூடிக்கொண்டாலும் லாரி வரும், சொன்னாலும் வரும் என்றாள். அகரம்தென்னுக்குப் போக வேண்டும் என்றாள்.

கங்கையம்மாளின் மகள் கனகவல்லி இட்லிக்கடையைத் திறந்து வைத்திருந்தார். அது விபத்து இல்லை என்று ஜூன் மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர். ஜான்சி சொன்னதை நான் சொல்லச் சொல்ல, கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டார்.

"போலீஸ்ல வந்து சொல்லுமா இந்தப் பொண்ணு?"

ஜான்சி நான் சொல்வதற்குள் தலையாட்டினாள்.

மனுவை நான் எழுதினேன். அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது என்று மூன்று முறை எழுதினேன். என்ன சொன்னார், எங்கே உட்கார்ந்து சொன்னார், ஜான்சி எங்கே இருந்தாள், மேசையின் அகலம் என்ன என்பது வரை எழுதினேன். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்து, நான் சேர்த்திருந்த "கொடூரமாக" என்ற ஒரு சொல்லை எடுக்கச் சொன்னாள். அதை அவர் சொல்லவில்லை, நான் பார்க்கவும் இல்லை என்றாள்.

ஸ்டேஷனில் ஏட்டு மனுவைப் படித்துவிட்டு ஜான்சியை மேலும் கீழும் பார்த்தார். "யார் மேல குடுக்குறீங்கன்னு தெரிஞ்சுதான் குடுக்குறீங்களா?"

"தெரியும் சார்" என்றேன்.

"காது கேக்காதுன்ற. உதட்டப் பாத்தேன்ற. கோர்ட்டுல நிக்குமா இது?"

அவர் என்னிடம் கேட்டார். பதில் ஜான்சி சொன்னாள், கையால். நான் வாயால் சொன்னேன்: "நிக்குமா நிக்காதான்னு எனக்குத் தெரியாது. நான் பாத்தேன்."

ஏட்டு பெருமூச்சு விட்டு மேசை இழுப்பறையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "கட்டைவிரல் வைக்கச் சொல்லுப்பா."

இதை நான் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். ஜான்சிக்கு எழுதத் தெரியும். ஐந்தாவது வரை படித்தவள். அவள் எழுத்து என் எழுத்தைவிட வட்டமாக இருக்கும். ஆனால் பேங்கில், ரேஷன் கார்டுக்கு, மன்றத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கே போனாலும் கேட்காத பெண் என்றவுடன் மைப்பெட்டிதான் முன்னால் வரும். யாரும் பேனா நீட்டியதில்லை.

ஜன்னலுக்கு வெளியே சாலையின் அந்தப் பக்கம் ஒரு பைக் வந்து நின்றது. பிரசன்னா இறங்காமல், வாயைக் கையால் மூடிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். கனகவல்லி என் முழங்கையைப் பிடித்தார். ஜான்சியும் அவனைப் பார்த்தாள். பிறகு மைப்பெட்டியை ஏட்டின் பக்கமே நகர்த்தி வைத்து, அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவைச் சுட்டிக் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். அவசரப்படாமல் முழுப்பெயரையும் எழுதினாள், கீழே தேதியும் போட்டாள்: 2024 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை.