இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த ரத்தம்

வடகோடியில் பனி சூழ்ந்த உம்மன்னாக் தீவின் மீன் ஆலையில் பதினெட்டு வருடமாக நிவிக்கா என் இடப்பக்கம் நின்று ஹாலிபட் மீன் அறுக்கிறாள். கத்திக்குப் பயப்படாதவள் சர்க்கரைக்கு நடுங்குவாள். அவள் அப்பாவின் காலை வாங்கியது சர்க்கரைதான். வருடா வருடம் வெறும் வயிற்றில் சோதனைக்கு ரத்தம் கொடுப்பாள். நன்றாக இருக்கிறது என்பார்கள். அன்றைக்கு முழுவதும் அவள் அலட்டல் தாங்காது.

இந்த வருடம் புதிதாக வந்த நர்ஸ் தபீதா அவளுக்கு ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தாள். மரபணுவையும் பார்க்க அனுப்பினாள். முடிவு சொன்ன அன்று துணைக்கு நானும் போயிருந்தேன்.

"வெறும் வயித்துல சரியாத்தான் இருக்குக்கா. சாப்பிட்டப்புறம் ஏறுறது இறங்க மாட்டேங்குது. அந்தச் சர்க்கரைய தசைதான் உள்ள வாங்கிக்கணும். உங்களுக்கு அந்தக் கதவு சரியாத் திறக்கல. மரபணுவுல ஒரு கோளாறு, நம்ம தீவு ஜனங்கள்ல நிறைய பேருக்கு உண்டு. அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, உங்களுக்கு ரெண்டும் வந்திருச்சு."

"அப்ப எங்கப்பாவையும் வெறும் வயித்துல பாத்துத்தான் நல்லாருக்குன்னு சொன்னாங்களா?"

தபீதா முடிவுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"எம்பொண்ணுக்கு?"

"உங்ககிட்டேர்ந்து ஒண்ணு நிச்சயம். அவ அப்பாகிட்டேர்ந்தும் வந்திருந்தா உங்கள மாதிரிதான். பாத்துரலாம்."

பெண்ணின் ரத்தத்தையும் அனுப்பினார்கள். முடிவு வர மூன்று வாரம். அதற்குள் மகள் நவரானாவின் பத்தாவது பிறந்தநாள் வந்தது. ஊரே வந்து காப்பி குடித்து, கேக் தின்றுவிட்டுப் போகும் நாள். மகள் வாயருகே கொண்டுபோன துண்டை நிவிக்கா வெடுக்கென்று பிடுங்கினாள்.

"சுட்டதே நீதானேடி," என்றேன், சமாளிக்க. யாரும் சிரிக்கவில்லை. என் தட்டிலிருந்த துண்டைக் கீழே வைத்தேன். என் ரத்தத்தை யார் பார்த்தார்கள்?

அடுத்த திங்கள்கிழமை ஆலைக்குப் போன் வந்தது. நிவிக்கா கேட்டுக்கொண்டே கத்தியைக் கீழே வைத்தாள். "ரெண்டும்," என்றாள் என்னிடம்.

வேலை முடிந்து அவளோடு வீடுவரை போனேன். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

"தாத்தா கால் மாதிரி எனக்கும் போயிருமாம்மா?"

"போகாது. பூட்ஸ மாட்டு, நடக்கலாம். நடந்தா தசை தானாவே சர்க்கரைய வாங்கிக்குமாம், தபீதா சொன்னா."

நவரானா பனியில் முன்னால் ஓடினாள். நிவிக்கா பாதையைப் பார்க்கவில்லை. மகளின் இரண்டு கால்களையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.