இடது பக்கத்துப் படம்

புற்றுநோய் வந்தால் உடம்பு உருகிப்போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் ஒருவருக்கு வந்தபோது அப்படித்தான் ஆனது. எனக்கு மார்பில் கட்டி என்று மதுரையில் சொன்ன அன்று, ராஜபாளையத்துக்குத் திரும்பும் பேருந்தில், இருக்கிற ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கும் என்றுகூட யோசித்தேன். நடந்தது நேர்மாறு. ஒரு மார்பை எடுத்தார்கள். பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். அது முடிவதற்குள் நான் ஊதிப்போனேன்.

மருந்து ஏற்றும் நாளை ஒட்டி ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அது ஒரு பசியைக் கொண்டுவரும். வாய் கசந்து கிடக்கும், நாக்கில் இரும்பை நக்கியது போல ஒரு ருசி, ஆனாலும் வயிறு கேட்டுக்கொண்டே இருக்கும். நோயாளி வீட்டுக்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. எங்கள் பக்கம் என்றால் கையில் இருப்பது பால்கோவாதான். ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது, வந்திருந்த டப்பாவைத் திறந்து கரண்டியால் வழித்து வழித்துத் தின்றேன். பாதியிலேயே குமட்டியது. குமட்டக் குமட்டத் தின்று முடித்தேன். விரல் இடுக்கில் நெய் பிசுபிசுத்தது. கையைக் கழுவக்கூட எழுந்திருக்காமல் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். முடி கொட்டியபோது எனக்கு அழுகைதான் வந்தது. இப்போது வந்தது அருவருப்பு.

அந்த மாதங்களில் என்னைக் கவனித்துக்கொண்டவள் என் நாத்தனார். என் கணவருக்குத் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை மருந்து ஏற்றி வந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவாள். நாலைந்து நாள் தங்கி, கஞ்சி வைத்து, ரசம் வைத்து, நான் எடுத்த வாந்தியை அள்ளிக் கொட்டி, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். முகம் சுளித்ததில்லை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயம் ஆகாது.

வைத்தியம் முடிந்ததும் தினம் ஒரு மாத்திரை, பல வருடங்களுக்கு என்று எழுதிக்கொடுத்தார்கள். மாதவிடாய் நின்றுபோனது. உடம்பிலிருந்து திடீர் திடீரென்று அனல் கிளம்பும், கழுத்து மடிப்பில் வேர்வை தேங்கும். என் வேர்வைக்கு அதுவரை இல்லாத ஒரு புளித்த வாடை வந்தது. வயிறு முன்னால் வந்து, மார்பு இருந்த இடத்தைத் தாண்டி நின்றது. உள்ளாடைக்குள் வைக்கிற பஞ்சு, நான் கரும்பலகையில் கையைத் தூக்கி எழுதினால் மேலே ஏறிவிடும். நான் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகள் பார்ப்பதற்குள் அதை இழுத்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்தால் நைட்டிதான். தளவாய்புரத்திலிருந்து ஆறு நைட்டி எடுத்து வந்திருந்தார் என் கணவர். எல்லாமே கூடாரம் மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நிற்பதை நான் நிறுத்திவிட்டேன்.

பார்த்தவர்களுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் வரிசையாக வந்து என் கன்னத்தைக் கிள்ளினார்கள். நல்லாத் தேறிட்ட, முகத்துல களை வந்துருச்சு என்றார்கள். ஊதின கன்னத்தை ஊரே கிள்ளிப் பார்த்து நோய் போய்விட்டதாகத் தீர்ப்புச் சொன்னது. யாரோ என் இலையில் இன்னொரு கரண்டி கேசரி வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்த கை நெய்யை ஊற்றியது.

மதுரை டாக்டரம்மா மட்டும்தான் உண்மையைச் சொன்னார். வயிற்றைச் சுற்றி இவ்வளவு சேர்வது நல்லதில்லை, இந்த நோய்க்காரர்களுக்கு இன்னும் நல்லதில்லை, குறைத்தே ஆக வேண்டும், ஆனால் மெதுவாக என்றார். சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காய் வைக்கச் சொன்னார். முட்டை, சுண்டல், மீன். தினமும் நடை. கைக்கு எடை தூக்கும் பயிற்சியை அங்கேயே ஒரு பெண் சொல்லிக்கொடுத்தாள். அறுவை நடந்த பக்கத்துக் கை வீங்கிவிடாமல் எப்படித் தூக்குவது என்று பழக்கிவிட்டாள். டம்பெல் எல்லாம் வாங்கவில்லை. தண்ணீர் பாட்டில்தான். பவுடர், லேகியம், மூலிகை என்று யார் எதைக் கொடுத்தாலும் என்னைக் கேட்காமல் வாயில் வைக்காதே என்பது டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது.

விடிகாலையில் சஞ்சீவி மலை அடிவாரம் வரை நடந்தேன். மூச்சு வாங்கும், தொடை இரண்டும் உரசிப் புண்ணாகும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் போவேன். அதில் ஒரு அழகும் கிடையாது. முழுக்க நடந்தும் எடை மெஷினில் முள் அசையாத மாதங்கள் உண்டு. பாதிச் சோறு தட்டில் கிடப்பதைப் பார்த்தால் ஆத்திரமாக வரும். வருடம் ஒன்று ஓடியபோது பழைய ரவிக்கைகளில் இரண்டு உள்ளே போயின. மற்றவை இன்றுவரை போகவில்லை.

இளைக்க ஆரம்பித்ததும் ஊர் பதறியது. கன்னத்தைக் கிள்ளிய அதே ஆட்கள் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, திரும்ப வந்துருச்சா என்று கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அம்மா என் தலையில் கைவைத்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, என் எலும்புகளிலிருந்து அந்த ரோகம் விலக வேண்டுமென்று ஜெபித்தார். எனக்கு எலும்பில் ஒன்றும் இல்லை. அவர் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு என் நெற்றியில் தெறித்தது. ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு தடவை முகம் கழுவினேன்.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். ஒரு நாள் இடைவேளையில் கூட வேலை பார்க்கிற டீச்சர் தயங்கித் தயங்கித் தன் போனை என்னிடம் நீட்டினார். யாரோ அவருக்கு அனுப்பிய படம். இரண்டு படங்களை ஒட்டியிருந்தார்கள். வலது பக்கத்தில் நான், சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தில் நீலப் பட்டுச் சேலையில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இடது பக்கத்திலும் நான்தான். மொட்டைத் தலை, புருவம் கிடையாது, சோப்பு நுரை மாதிரி உப்பின முகம். கட்டிலில் கால்களை அகட்டி உட்கார்ந்திருக்கிறேன். நைட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடக்கிறது. கையில் தட்டு, வாய் பாதி திறந்திருக்கிறது, உள்ளே மென்ற இட்லி தெரிகிறது. கீழே மஞ்சள் எழுத்தில், புற்றுநோயை வென்ற எங்கள் மதினி, மூன்றே மாதத்தில் எடை குறைந்த அதிசயம் என்று போட்டு, ஒரு சத்து மாவு டப்பாவின் படம். அதன் கீழ் என் நாத்தனாரின் போன் நம்பர்.

அவள் சில மாதங்களாக வீட்டு முன்னறையில் அந்தப் பவுடரை விற்றுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். என்னிடமும் நீட்டியிருந்தாள், டாக்டரம்மா சொன்னதைச் சொல்லி மறுத்திருந்தேன். இந்தப் படத்தை அவள் எடுத்ததுகூட எனக்கு நினைவில் இல்லை. டீச்சர் பாவம், என் முகத்தைப் பார்க்காமல் கீழே பார்த்தார். அவர் கண் போன இடம் எது என்று எனக்குத் தெரிந்தது. அன்று நான் மேற்கொண்டு பாடம் எடுக்கவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

முன்னறையில் ஏழெட்டுப் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் எடை பார்க்கும் மெஷின், மேஜையில் மிக்ஸி, பேப்பர் கப்புகள். செயற்கை மாம்பழ வாசனையும் வேர்வை வாடையும் கலந்து அறை புழுங்கியது. என்னைப் பார்த்ததும் நாத்தனார் முகம் மலர்ந்தது.

"நான் சொல்லல? எங்க மதினி. இந்தா, ஆளே வந்துட்டாவ" என்றாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். அங்கே அது வழக்கமாம், எடை குறைந்தவர் வந்தால் தட்ட வேண்டும். தட்டிக்கொண்டே எல்லார் கண்ணும் என் மாராப்பில் வந்து நின்றது, எந்தப் பக்கம் என்று தேடுகிற பார்வை. கடைக்கோடி நாற்காலியில் தலையில் துணி கட்டிய ஒரு பெண் இருந்தாள். நகங்கள் கறுத்திருந்தன. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, மருந்து ஏறிக்கொண்டிருக்கிற உடம்பு. முகம் என் இடது பக்கத்துப் படம் மாதிரியே உப்பியிருந்தது. சுந்தரபாண்டியத்திலிருந்து வருவதாகச் சொன்னாள்.

"அக்கா, நீங்க எந்த ஃபிளேவர் குடிச்சீய?" என்று கேட்டாள்.

"நான் எதுவும் குடிக்கல" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. நாத்தனார் சிரித்து, மதினிக்குக் கூச்சம் என்றாள். நான் திரும்பவும் சொன்னேன். இந்த டப்பாவை நான் தொட்டதே இல்லை, நடந்தேன், சோற்றைக் குறைத்தேன், மூன்று மாதம் இல்லை, ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, இன்னும் பாதிதான் குறைந்திருக்கிறது என்றேன். மருந்து ஏறும்போது இதைக் குடிக்காதே, உன் டாக்டரிடம் கேட்காமல் எதையும் குடிக்காதே என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் முகம் வாடிப்போனது.

"ஒரு வருசமாக்கா?" என்றாள். கறுத்த நகத்தைத் தடவினாள். பிறகு மெதுவாக, "கண்ணாடியில பாத்தா எனக்கே வாந்தி வருதுக்கா. ஒரு வருசம் எப்படிப் பாத்துக்கிட்டு இருக்க?" என்றாள்.

நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை அது. வேறொருத்தி வாயில் கேட்டபோது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது, அந்த அறை மீது, மாம்பழ வாசனை மீது, அவளை அந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்த என் படத்தின் மீது. கண்ணாடியைத் திருப்பி வை, நான் அதைத்தான் செய்தேன் என்றேன். அது ஒரு வழியா என்பது போல என்னைப் பார்த்தாள்.

நாத்தனாரை அடுப்படிக்குக் கூட்டிப் போனேன். ஏன் என் படத்தைப் போட்டாய் என்று கேட்டேன். அவள் பயப்படவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள்.

"நான்தான மதினி எடுத்தேன். ஒங்க வாந்திய நான்தான அள்ளுனேன்" என்றாள்.

"அள்ளுனதுக்காக என்னைய விக்கலாமாட்டி?"

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அப்போதுதான் கவனித்தேன், அவளும் நல்ல பருமன். தினம் இரண்டு வேளை அந்தப் பவுடரைக் குடிப்பவள்.

"எனக்கு எறங்கலயே மதினி. ஒங்களுக்கு எறங்குச்சு. நான் யாரக் காட்ட?"

சொல்லிவிட்டு அழுதாள். என் வாளியைக் கழுவிய அதே கை, மூக்கைச் சிந்திச் சேலையில் துடைத்தது. எனக்கு இரக்கமும் குமட்டலும் சேர்ந்து வந்தன, எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது. என் கண் முன்னாலேயே படத்தை அழிக்கச் சொன்னேன். அழித்தாள். ஆனால் அதற்குள், அவளை இந்த வியாபாரத்தில் சேர்த்துவிட்டு அவளுக்கு மேலே இருக்கிற ஆள் அதை எடுத்துப் பரப்பிவிட்டிருந்தான், அவனுக்கு மேலே இருக்கிறவனும். அவள் அவனுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். அந்த ஆள் மிகவும் மரியாதையாகப் பேசினான். என் சாட்சி எத்தனையோ பெண்களுக்கு நம்பிக்கை கொடுக்கிறது என்றான். சாட்சி என்று சபையில் கேட்ட சொல்லை அவன் வாயில் கேட்டதும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர், போட்டோதானே, விடு, எவ்வளவோ செஞ்சிருக்கா என்றார். அன்று அவர் தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, பக்கத்தில் உட்காராமல் எழுந்து போனேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தங்கையிடம் போனில் சத்தம் போட்டார் என்று வேறு ஆள் மூலம் தெரிந்தது.

சுந்தரபாண்டியத்துப் பெண்ணை இன்னொரு தடவை மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். முடி புல் மாதிரி முளைத்திருந்தது. டாக்டரிடம் பவுடரைக் காட்டியதாகவும், அவர் திட்டியதாகவும், அதைத் தண்ணீரில் கரைத்து மாட்டுக்கு வைத்தால் அதுகூட மோந்துவிட்டுப் போய்விட்டதாகவும் சொல்லிச் சிரித்தாள். உடம்பு இன்னும் குறையவில்லை. கம்மாய்க் கரையில் நடக்கிறாளாம். என் நம்பரை வாங்கிக்கொண்டாள், எப்போதாவது கூப்பிட்டு அன்றைக்கு என்ன தின்றாள் என்று ஒப்பிப்பாள்.

நாத்தனார் வீட்டுக்கு நான் போய்வருகிறேன். போகாமல் இருக்க முடியாது. பவுடரை விட்டுவிட்டாள், இப்போது ஜாக்கெட் துணி விற்கிறாள். காப்பி கொடுத்தால் குடிப்பேன். போனை எடுத்து அவள் யாரையாவது படம் எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். அவளும் ஏன் என்று கேட்பதில்லை.

போன மாதம் எனக்கே ஒரு படம் வந்தது, யாரென்று தெரியாத நம்பரிலிருந்து. டப்பா வேறு, பெயர் வேறு. இடது பக்கம் நான், அதே கட்டில், அதே தட்டு. வலது பக்கத்தில் இருந்தது நானில்லை. இடுப்பு மெலிந்த ஏதோ ஒரு சின்னப் பெண், சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் நான் ஒட்டப்பட்டிருப்பது அவளுக்கும் தெரிந்திருக்காது. நம்பரை பிளாக் செய்தேன். வாய்க்குள் எச்சில் ஊறி ஊறி வந்தது. வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து, அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.