வேலிக்கு அந்தப் பக்கம்

பெரில் அத்தை கேக்கில் காதை வைத்தால் இங்கிலாந்தின் டோர்செட் மாவட்டமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். மாடுகள் அசைபோடாது. தேவாலய மணி பாதி அடியில் நின்றுவிடும். கரைக்கு வந்த அலை, சமயம் சரியில்லை என்று திரும்பிப் போய்விடும். இதெல்லாம் அவளுடைய தம்பி மகள் ஜோஸி சொல்வது. பதினாறு வயதுக்காரி, அவள் சொல்வதில் பாதியை நம்பினாலே அதிகம். ஆனால் காது வைப்பது உண்மை. அடுப்பிலிருந்து கேக்கை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு, ஆவி முகத்தில் அடிக்க அத்தை குனிந்து கேட்பாள். உள்ளே மெல்லப் பொரிகிற சத்தம் இருந்தால், "இன்னும் பேசிட்டிருக்கு. வாயை மூடிட்டு வரட்டும்" என்று மறுபடி உள்ளே தள்ளிவிடுவாள்.

பள்ளிக்கூடம் நடக்கிற மாதங்களில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அந்த அதிகாரம் கோடை விடுமுறையில் அடுப்படிக்கு மாறிவிடும். "உள்ள போ, உள்ள போ, ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்காதே" என்று மாவை அதட்டிக்கொண்டே கிண்டுவாள். முட்டைகளை ஓட்டோடு தராசில் வைத்து, அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு மாவு. அவளிடம் வேறு அளவே கிடையாது. "கோழி சொல்றதுதான் கணக்கு. நடுவுல நான் யாரு?"

ஆண்கள் போடுகிற செருப்பு, அதற்குள் கம்பளிக் காலுறை, கோழி கொத்தி ஓட்டை போட்ட வைக்கோல் தொப்பி. இந்தக் கோலத்தில்தான் தோட்டத்துக்குப் போவாள். போனதும் முதல் வேலை, முக்காலியை வேலியோரம் போட்டு ஏறி நின்று, கத்தரிக்கோலால் ஒரே ஒரு இலையை வெட்டுவது. அந்த ஒரு இலைக்குக் கால் மணி நேரம் பிடிக்கும். ஏனென்றால் வேலிக்கு அந்தப் பக்கம் டாஃப்னியின் தோட்டம்.

டாஃப்னி என்கிற பெயரை அத்தை வீட்டில் சொல்வதில்லை. "அந்தப் பக்கம்" என்பதோடு சரி. "அந்தப் பக்கத்துல ரோஜா பூத்திருக்கா? பூக்கட்டும். அத்தனை எருவைக் கொட்டினா விளக்குமாத்துக் குச்சிகூடப் பூக்கும்." அத்தை வீட்டு ரோஜாவில் அசுவினிப் பூச்சி அடைந்திருந்தது. அவரைப் பந்தல் மட்டும் நன்றாகக் காய்த்தது; ஆனால் அவரைப் பந்தலின் கீழே நின்று யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை.

டாஃப்னி கெட்டவளாக இருந்திருந்தால் அத்தை நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அவளோ வாரம் ஒருமுறை கை நிறையப் பூவோடு வந்து நிற்பாள். "எங்க வீட்டுல அளவுக்கு மீறிப் பூத்துடுச்சுங்க பெரில். உங்களுக்குக் கொஞ்சம் கொண்டாந்தேன்."

"அய்யோ, உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்! என்ன வாசனை, என்ன நிறம்!" அத்தையின் குரலில் தேன் சொட்டும். கதவு மூடியதும் அந்தப் பூங்கொத்து கழிப்பறை ஜன்னலுக்குப் போய்விடும்.

ஜோஸிக்கு இது பொறுக்காது. டாஃப்னியின் தோட்டத்தில் செந்தொப்பி போட்ட ஒரு களிமண் குள்ளன் பொம்மை உண்டு. போன கோடையில் அவனை எடுத்து, பின்புறத்தைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி டாஃப்னியின் சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கவிழ்த்து வைத்தாள். டாஃப்னி விழுந்து விழுந்து சிரித்து, அவனுக்கு ஒரு கால்சட்டையும் தைத்துப் போட்டுவிட்டாள். அதற்கும் ஊரே அவளைத்தான் பாராட்டியது.

கோடையில் ஒவ்வொரு ஞாயிறும் பிரிஸ்டலிலிருந்து அத்தையின் தம்பி கிளைவ் குடும்பத்தோடு வருவார். ஜோஸியின் அப்பா அவர்தான். ஜோஸி விடுமுறை முழுக்க அத்தையோடு இருப்பவள். புல்தரையில் பழைய மேசை விரிப்பைப் போட்டு டீ, ஸ்கோன், ஜாம், கேக். வருடம் முழுக்க அத்தை காத்திருப்பது இந்த ஞாயிறுகளுக்குத்தான். இந்த வருடம் சின்னப் பிள்ளைகள் காரிலிருந்து இறங்கிய வேகத்தில் வேலியைத் தாண்டி டாஃப்னியின் ஊஞ்சலுக்கு ஓடின. திரும்பி வரும்போது வாயெல்லாம் கேக் துகள். அத்தை அவர்களுடைய வாயைத் துடைத்துவிட்டாள். கொஞ்சம் அழுத்தியே துடைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதேக்கா" என்று ஆரம்பித்தார் கிளைவ். தப்பாக எடுத்துக்கொள்ளும்படியாகப் பேசப்போகும்போதுதான் அவர் அப்படி ஆரம்பிப்பார். "டாஃப்னி கேக்கு வாயில வச்சதும் காணாமப் போயிடுது. உன்னுது கொஞ்சம் உக்காந்து யோசிக்குது."

"உனக்குப் பதிலா அதாவது யோசிக்கட்டுமே."

"அது இல்லக்கா. அடுத்த வருஷத்துலேருந்து ஞாயித்துக்கிழமை டீக்கு எல்லாரையும் அவங்க தோட்டத்துக்கே வரச் சொல்றாங்க. இடம் பெருசு. உனக்கும் வேலை மிச்சம்."

அத்தையின் கையில் டீக்குடுவை அப்படியே நின்றது. கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது. ஜோஸிதான் அவள் கையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"சனிக்கிழமை ஊர்க் கண்காட்சி" என்றாள் அத்தை. "விக்டோரியா கேக்குல எந்த வீட்டுக்குச் செவப்பு அட்டை வருதோ, அந்த வீட்டுல டீ. போதுமா?"

"அக்கா, விளையாட்டுக்குச் சொல்லாதே."

"நான் எப்படா விளையாடினேன்?"

விக்டோரியா கேக் என்றால் இரண்டு அடுக்குக்கு நடுவே ஜாம் தடவியது; சிவப்பு அட்டை என்றால் முதல் பரிசு. அத்தையின் அலமாரி இழுப்பறை திறக்க முடியாதபடி அட்டைகள் இருக்கின்றன. எல்லாம் நீலம், இரண்டாம் பரிசு. சிவப்பு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க வீடு வெண்ணெயில் மிதந்தது. முதல் கேக் நடுவில் அமுங்கியது. இரண்டாவதை அவசரத்தில் கம்பித் தட்டின் மேல் குப்புறக் கவிழ்த்துவிட்டாள். மேற்பரப்பில் கம்பிக் கோடு பதிந்துவிட்டது. அந்த ஊர் நடுவர்கள் கொலையைக்கூட மன்னிப்பார்கள், கம்பிக் கோட்டை மன்னிக்க மாட்டார்கள். அந்த இரண்டையும் ஜோஸி தின்று தீர்த்தாள். பசியில்லை. குப்பைக்கூடையில் கிடப்பதை அத்தை பார்க்க வேண்டாமே என்றுதான். மூன்றாவது கேக் நன்றாக எழுந்து வந்தது. அத்தை அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் பக்கத்துல மரம் இருக்கு, ஊஞ்சல் இருக்கு. எங்கிட்ட என்னடி இருக்கு, ஒரு டீயைத் தவிர?"

"நான் இருக்கேனே, அத்தை."

"நீ ஒரு தொல்லை. அது கணக்குல சேராது" என்று சொல்லி, ஜோஸியின் தலையில் மாவுக் கையை வைத்தாள். எடுக்க மறந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஜோஸி சட்டைப் பையில் ஒரு டப்பாவோடு கண்காட்சிக் கூடாரத்துக்குள் நுழைந்தாள். உள்ளே இருந்தது ஐசிங் பொடி. விக்டோரியா கேக்கின் மேல் மணல்போன்ற மெல்லிய சர்க்கரைதான் தூவ வேண்டும் என்பது விதி. மாவுபோன்ற ஐசிங் பொடி ஒரு சிட்டிகை விழுந்திருந்தாலும் நடுவர் கத்தியைக்கூட எடுக்க மாட்டார். 'விதிப்படி இல்லை' என்று ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவார். வெண்டைக்காயை நுனி உடைத்துப் பார்த்து வாங்குகிற நம் ஊர் ஆட்களை இவர்களிடம்தான் பாடம் படிக்க அனுப்ப வேண்டும்.

கேக் மேசையருகே யாரும் இல்லை. வெளியே பெருசுகள் வெங்காயத்தின் அளவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டுகளுக்கு முன்னால் பெயர் அட்டைகள் குப்புறக் கிடந்தன. டாஃப்னியின் கேக்கைக் கண்டுபிடிக்கப் பெயர் தேவையில்லை. பொன்னிறத்தில், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தது. ஜோஸி டப்பாவைத் திறந்து கையை நீட்டினாள்.

"எதுக்குடி அது?"

அத்தை பின்னால் நின்றிருந்தாள். தன் தட்டைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்தவள்.

"சும்மா, காத்தாட வந்தேன் அத்தை."

"ஐசிங் டப்பாவோடவா?" டப்பாவைப் பிடுங்கி, மூடியை அழுத்தி மூடி, தன் கைப்பைக்குள் போட்டாள். ஜோஸியின் காதைப் பிடித்துத் திருகினாள். "நீ தூவி நான் ஜெயிச்சா, அந்த டீ எனக்குத் தொண்டையில இறங்குமாடி? அறிவுகெட்டதே!"

"உங்களுக்காகத்தானே அத்தை."

"தெரியுது. அதனாலதான் ஒரு காதோட விட்டேன். முன்னால நட."

ஜோஸி நடந்தாள். கூடாரத்தின் வாசலில் காதைத் தடவிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அத்தை இன்னும் டாஃப்னியின் கேக் முன்னால்தான் நின்றாள். முழங்காலை மடக்கி, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி, ஒரு சுற்றுப் பார்த்தாள். "பாவி, எப்படி வந்திருக்கு பாரு" என்று முணுமுணுத்தாள். பிறகு கூடாரத் துணியை ஒட்டியிருந்த பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே ஓரிடத்தில் மட்டும் மேலடுக்கு ஒரு நூல் அளவு சரிந்து, ஜாம் கசிந்திருந்தது. அத்தை இரண்டு விரல்களைத் தட்டின் விளிம்பில் வைத்து, சத்தமில்லாமல், அந்த இடம் நடுவர் நிற்கும் பக்கம் வருகிற வரைக்கும் திருப்பினாள்.

திரும்பாமலே சொன்னாள்: "பார்த்துட்ட இல்ல? வாயைத் திறந்தே, இந்த டப்பா உங்கப்பன் கைக்குப் போயிடும்."