ஷால்வா வாயைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை

ஷால்வாவுக்கு ஒயின் ஊற்றத் தெரியும். மூக்கைக் கோப்பைக்குள் விட்டு, அது எந்தச் சரிவில் விளைந்தது, எந்தப் பாவி அதைச் சரியாக மூடாமல் விட்டான் என்று கண்டுபிடிக்கத் தெரியும். பேசத்தான் தெரியாது. எங்கள் திபிலிசி நகரத்தில் ஓர் ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. எங்கள் ஊரில் ஒருவன் சோம்பேறியாக இருக்கலாம், மூன்று வேலைகளிலிருந்து துரத்தப்பட்டவனாக இருக்கலாம், மாமியாரிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறவனாகவும் இருக்கலாம். பந்தியில் எழுந்து, கோப்பையைத் தூக்கி, நாலு வார்த்தை அழகாகச் சொல்லிவிட்டால் போதும், அவன் பெரிய மனிதன். ஷால்வா எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இளவயதில் ஒரே ஒரு முறை முயன்று பார்த்தான். பெரியம்மா மகனின் கல்யாணம். பந்தியை நடத்திய தமாதா நல்ல உற்சாகத்தில் இருந்தார். மணமக்களை வாழ்த்திவிட்டு, அந்த வாழ்த்தைத் தொடர்ந்து சொல்லும்படி ஷால்வாவின் பக்கம் கையைக் காட்டினார். இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எந்த வாழ்த்துக்குப் பிறகு எந்த வாழ்த்து வரும் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த ஊர் இது. ஷால்வாவுக்கோ தலைக்குள் எல்லாம் கலைந்துபோயிற்று. கோப்பையை உயர்த்தி, “இவங்க ரெண்டு பேர் ஆன்மாவும் சாந்தியடையட்டும்” என்றான். பெண்ணின் அத்தை அங்கேயே ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்றிலிருந்து எந்தப் பந்திக்குப் போனாலும் அவன் முதல் வேலையாகக் கூஜாவை எடுத்துக்கொள்வான். ஊற்றுகிறவனை யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். பிறகு டிராலி பஸ் ஓட்டப் போனான். முதுகுக்குப் பின்னால் “ஓட்டுநரோடு பேசாதீர்கள்” என்று பலகையே எழுதி மாட்டியிருந்தார்கள். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான காலம் வேறு கிடையாது. டிராலி பஸ்களை நகரம் நிறுத்திவிட்டபோது, வேலை போனதைவிட அந்தப் பலகை போனதற்குத்தான் அவன் அதிகம் வருத்தப்பட்டிருப்பான் என்பது என் கணிப்பு.

அவன் குடியிருப்பது சோலோலாக்கி என்ற பழைய பேட்டையில், ஒரு காலத்தில் புகையிலை வியாபாரி ஒருவர் கட்டிய வீட்டில். வாசல் கூடத்து விதானத்தில் அந்த வியாபாரி வரையச் சொன்ன, சிறகு முளைத்த குண்டுக் குழந்தைகள் இன்றும் பறக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் மூக்கு உதிர்ந்துவிட்டது. முற்றத்தைச் சுற்றி மர பால்கனிகள், பால்கனிக்கு இரண்டு குடும்பம், குடும்பத்துக்கு மூன்று அபிப்பிராயம். கீழே புகையிலை மூட்டைகள் அடுக்கிய செங்கல் நிலவறையில்தான், இரண்டாம் மாடி கெத்தோ ஒயின் கடை திறந்தாள். “இந்த ஓதம் புடிச்ச குழிக்குள்ள யாருடி வந்து குடிப்பா?” என்று வீடே சிரித்தது. இப்போது அதே ஆட்கள்தான் இடம் கிடைக்கவில்லை என்று படிக்கட்டில் உட்கார்ந்து குடிக்கிறார்கள்.

கெத்தோ சிறுமியாக இருந்த நாளிலிருந்து ஷால்வாவை மாமா என்று கூப்பிடுகிறவள். கடை திறக்கிற வாரம் அவனுக்கு ஒரு கோப்பையை நீட்டினாள். முகர்ந்து பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தான். அந்த முகத்தைப் பார்த்தே அவள் அந்தச் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டாள். மறுநாள் அவனையே ஊற்றுகிற வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

அந்தக் கடையின் அடுப்படிக்கு லமாரா வந்து எட்டு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வீடு ஒயின் போடுகிற கஹேத்திச் சீமைக்காரி, ஐம்பதைத் தாண்டிய விதவை. மண்சட்டியில் அவள் வைக்கிற பீன்ஸுக்காகவே ஆற்றின் அக்கரையிலிருந்து ஆள் வரும். கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். அவள் திட்டினால் ஷால்வாவுக்குக் காது சிவக்கும், திட்டாத நாளில் சாப்பாடு இறங்காது. எட்டு வருஷமாக அந்த மனிதன் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்து நினைத்து, கூஜாவைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தான். கடைசியில் பொறுக்கமாட்டாமல் கெத்தோதான் அடுப்படிக்குள் போய் விஷயத்தை உடைத்தாள்.

லமாரா கத்தரிக்காய்க்கு வால்நட் விழுதைத் தடவிக்கொண்டே கேட்டாள். “தெரியும்டி. வீட்டுல இருக்கிற பூனைக்குக்கூடத் தெரியும். அவருக்கு வாய் இல்லையா?”

“மாமாவுக்குப் பேச வராதுக்கா.”

“என் முதல் புருஷன் பேசினா ஊரே சொக்கிப் போய்க் கேட்கும். வீட்டுக்கு வந்தா வாயில வர்றது அத்தனையும் பொய். அதனால இவர் அழகா எல்லாம் பேச வேணாம். ஞாயித்துக்கிழமை என் அண்ணன் வர்றான். பந்தியில, அவன் முன்னாடி, வாயைத் தொறந்து கேட்கட்டும். கேட்காத கேள்விக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?”

இப்படியாக ஷால்வாவின் தலையெழுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பந்தியில் வந்து நின்றது. அந்த வாரம் முழுக்க அவன் முற்றத்துத் தண்ணீர்க் குழாயடியில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். மாடியிலிருந்து பார்த்தவர்கள் ஜபம் செய்கிறான் என்றே நினைத்தார்கள்.

அண்ணன் தெங்கிஸ் வந்து இறங்கினான். கதவளவு ஆள், மீசை அதற்கேற்ற அளவு. சுவர் முழுக்க ஒயின் புட்டிகள் அடுக்கிய கடைக்கு வருகிறவன், தன் வீட்டு ஒயினை ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனில் தூக்கிக்கொண்டு வந்தான். கஹேத்திக்காரன் வேறு எப்படி வருவான்?

“இந்தா தம்பி! புட்டியில அடைச்ச தண்ணியெல்லாம் ஓரமா வை. எங்க அப்பா நட்ட கொடி இது. இன்னைக்கு இதைத்தான் குடிக்கிறோம்” என்று கேனை ஷால்வாவின் கையில் திணித்தான்.

ஷால்வா அதை உள்ளறைக்குத் தூக்கிப் போய் மூடியைத் திருகினான். திருகியவன் அப்படியே நின்றுவிட்டான். மூக்கைக் கிட்டே கொண்டுபோகத் தேவையே இருக்கவில்லை. ஒயின் காடியாகிவிட்டிருந்தது. கொஞ்சம் நஞ்சம் புளிப்பு என்றால் சமாளிக்கலாம். இதில் ஊறுகாய் போடலாம்.

விருந்தாளி கொண்டுவந்த ஒயினைக் குறை சொல்வது, எங்கள் ஊரில், அவன் தாயாரைக் குறை சொல்வதற்குச் சமம். ஊற்றினால் எல்லோரும் முகத்தைச் சுளிக்காமல் குடித்து, ஆகா என்பார்கள். பிறகு மாடிவீட்டுக்காரர்கள் ஒரு வருஷத்துக்கு அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். லமாராவின் அண்ணனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஷால்வாவுக்கு மனம் பொறுக்கவில்லை. கேனை மூடி மாடிப்படிக்கு அடியில் தள்ளினான். கடையின் சொந்தச் சாடியிலிருந்து, அதே தேன் நிறத்தில் இருந்த நல்ல ஒயினைக் கூஜாக்களில் நிரப்பிக்கொண்டு போனான்.

பந்தி களைகட்டியது. தெங்கிஸ்தான் தமாதா. முதல் கோப்பையைக் குடித்தவன் கண்ணை மூடித் திறந்தான்.

“என்னடா இது! என் ஒயின் எனக்கே இன்னைக்குத்தான் புடிச்சிருக்கு! வண்டியில குலுங்கினதுல பக்குவமாயிடுச்சு போல!”

கெத்தோ ஒரு வாய் குடித்தாள். தன் சாடி ஒயின் அவளுக்குத் தெரியாதா? ஷால்வாவைப் பார்த்தாள். ஷால்வா விட்டத்தைப் பார்த்தான். அவள் பேசாமல் சீஸ் ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

சமாதானத்துக்கு ஒரு கோப்பை, தாய்நாட்டுக்கு ஒரு கோப்பை, பெற்றவர்களுக்கு ஒரு கோப்பை. ஒவ்வொரு வாழ்த்துக்கும் தெங்கிஸின் குரல் உயர்ந்துகொண்டே போனது. அடுத்த வாழ்த்து முடிந்ததும் கேட்டுவிடலாம் என்று ஷால்வா ஒவ்வொரு முறையும் நினைத்தான். ஒவ்வொரு முறையும் யாருடைய கோப்பையாவது காலியாக இருந்தது. தெங்கிஸ் இப்போது எழுந்து நின்று, அப்பா நட்ட கொடியைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தான். “இந்த ஒயின்ல எங்க அப்பாவோட வேர்வை இருக்கு. இதுல பொய் இல்ல, கலப்படம் இல்ல…” அவன் கண் கலங்கியது. பந்திக்கு வந்திருந்த மாடிவீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் லமாரா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் ஒரு கோப்பை. பந்திக்குப் போய்ச் சேர்ந்த ஒயின் தனக்கு வரவில்லையே என்று படிக்கட்டுக்கு அடியில் கிடந்த கேனிலிருந்து தானே ஊற்றிக்கொண்டு வந்திருந்தாள். அவள் யாருக்கும் காத்திருக்கிற ஆள் இல்லை. முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்தாற்போல இருந்தது.

“அண்ணே, எதைக் குடிச்சிட்டு இந்தப் பேச்சுப் பேசுறே? உன் கேன்ல இருக்கிறது காடி!”

தெங்கிஸ் அவள் கோப்பையை வாங்கிக் குடித்தான். தன் கோப்பையிலிருந்து குடித்தான். மறுபடி அவள் கோப்பை. பிறகு மெல்லத் திரும்பி, கையில் கூஜாவோடு நின்ற ஷால்வாவைப் பார்த்தான்.

“தம்பி. எவனோட ஒயினையோ ஊத்தி, என் அப்பா பேரால என்னை வாழ்த்துச் சொல்ல வச்சியா?”

கையும் களவுமாகப் பிடிபட்டவன் என்ன செய்வான்? குழாயடியில் நின்று பழகிய வார்த்தை ஒன்றுகூட ஷால்வாவுக்கு ஞாபகத்தில் இல்லை. கூஜாவை மேஜைமேல் வைத்தான். வெறுங்கையோடு நிற்பது அவனுக்கே விசித்திரமாக இருந்தது.

“தப்புதாண்ணே,” என்றான். “மூடியைத் தொறந்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஊத்தினா எல்லாரும் நல்லாருக்குன்னு சொல்லிட்டு, நீங்க அந்தப் பக்கம் போனதும் சிரிப்பாங்க. லமாராவோட அண்ணனைப் பார்த்துச் சிரிக்கிறதை என்னால பார்க்க முடியாது. உங்ககிட்ட நேரா வந்து சொல்லியிருக்கணும். சொல்லத்தான் எனக்கு வராது. எனக்கு எதுவுமே சொல்ல வராது. அதான் எட்டு வருஷமா… அண்ணே, லமாராவை எனக்குக் கட்டிக் கொடுங்க.”

சொல்லிவிட்டான். சொன்னது தான்தானா என்று அவனே ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டான்.

தெங்கிஸ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். கத்தப் போகிறான் என்று கெத்தோ புட்டிகளை நகர்த்திவைத்தாள். அவனோ மீசையைத் தடவிக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினான்.

“ஈஸ்டர்லேர்ந்து இதைத்தான் ஊத்திக்கிட்டிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரன் குடிச்சான், அமிர்தம்னான். என் சம்பந்தி குடிச்சுட்டு அழுதே போயிட்டான். பாதிரியார் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடிச்சாரு, பாவம். எனக்கும் புளிச்ச மாதிரிதான் இருந்துச்சு. ஊரே புகழுதே, என் நாக்குலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்.” தன் கோப்பையை மறுபடி எடுத்துப் பார்த்தான். “அது சரி, இப்ப நான் குடிச்சது யாரோட ஒயின்?”

“உங்க ஊருக்கு அடுத்த ஊர்தாண்ணே. அந்தப் பாலத்துக்கிட்ட…”

“பேரைச் சொல்லாதே! உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், பேரைச் சொல்லாதே!”

அவ்வளவுதான், மேஜையே சிரிப்பில் அதிர்ந்தது. மாடிவீட்டுக்காரர் ஒருவருக்குப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. தெங்கிஸும் சிரித்தான், அவன் சிரிப்புத்தான் எல்லோரையும்விடப் பெரியதாக இருந்தது.

“உள்ளதைச் சொல்ற ஒருத்தனை இப்பத்தான் பார்க்கறேன்,” என்றான். “அதுவும் மாட்டிக்கிட்ட பிறகு. என்னைப் பொறுத்தவரை சம்மதம். ஆனா பொண்ணு அதோ நிக்கிறா, அவளைக் கேளு.”

லமாரா சமையல் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி நின்றாள். கண் ஓரம் ஈரமாகியிருந்தது. அதற்காக வாய் சும்மா இருக்குமா?

“ஒயினைப் பத்தி மறைச்சீரே, என் சமையலைப் பத்தி என்னத்தை மறைச்சு வச்சிருக்கீர்? எட்டு வருஷமா என் பீன்ஸைச் சாப்பிடறீர். ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்ப சொல்லும், எப்படி இருக்கு?”

கெத்தோ மாமாவுக்குக் கண்ணால் சாடை காட்டினாள். மாடிவீட்டுக்காரர்கள் காட்டினார்கள். தெங்கிஸ்கூடத் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினான். இந்த ஊரில் பிறந்த எந்த ஆணுக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்.

“உப்பு ஜாஸ்தி” என்றான் ஷால்வா.

லமாரா மேஜையிலிருந்த சட்டியில் கரண்டியை விட்டு ஒரு வாய் எடுத்துப் போட்டாள். மென்றாள். விழுங்கினாள்.

“ஜாஸ்திதான்,” என்றாள். அப்புறம் தெங்கிஸைப் பார்த்துத் திரும்பினாள். “அண்ணே, நான் இவரையே கட்டிக்கறேன். பொய் சொன்னா சாயங்காலத்துக்குள்ள மாட்டிக்கிற மனுஷன். இவரோட நிம்மதியாக் காலம் தள்ளலாம்.”

கோப்பைகள் எழும்பின, வாழ்த்துகள் பறந்தன, தெங்கிஸ் எழுந்து ஷால்வாவை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அந்தப் பிடியிலிருந்து எப்படியோ தலையை வெளியே நீட்டிய ஷால்வா, அடுப்படிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தவளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்.

“அப்படியே பூண்டும் கொஞ்சம் கம்மி!”

கெத்தோ பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள்.