பூ என்கிற ஓரெழுத்து

அந்த வருஷம் மாசி பாதி ஆகியும் குளிர் போகவில்லை. எங்கள் ஊரில் குளிர் ஒரு விருந்தாளி மாதிரி. மார்கழியில் வரும், பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுக்க வைக்கும், அதன் பாச்சை உருண்டை வாசம் போவதற்குள் கிளம்பிவிடும். பின்னாலேயே பர்மியர்கள் 'நுவே ஊ' என்று சொல்கிற இளவேனில் வரும். இலை உதிரும், குயில் கத்தும், மண் சூடேறும். சூடு ஏறுகிற அந்தச் சமயம் பார்த்துத்தான் சுரை விதை போட வேண்டும். அந்த வருஷம் குயில் கத்தியது, இலையும் உதிர்ந்தது. மண் மட்டும் ஐஸ் பெட்டிக்குள் வைத்தது போலக் கிடந்தது. காலையில் தாமுவே சந்தைத் தெருவில் எதிரே வருகிற சைக்கா ரிக்ஷா அதன் மணிச் சத்தத்தில்தான் தெரியும். அவ்வளவு பனி.

வீட்டுக்குப் பின்னால், சாக்கடைக்கும் அரிசிக்கடைச் சுவருக்கும் நடுவில், எங்களுக்கு ஒரு துண்டு மண் உண்டு. ஒரு ஆள் கையை விரித்து நின்றால் இரண்டு பக்கமும் இடிக்கும். வருஷா வருஷம் அதில் என் தம்பிதான் சுரை போடுவான். அம்மா சந்தை முனையில் பலகாரக் கடை வைத்திருக்கிறாள். சுரைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி மாவில் தோய்த்துப் பொரிக்கிற பூதீஜோதான் அவள் கடையின் பெயரே. காய் சந்தையில் கிடைக்காமலில்லை. ஆனால் பந்தலில் காய்க்கிற காலத்தில் மட்டும் அம்மா, 'எங்க வீட்டுக் காய்' என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி விற்பாள்.

பர்மிய மொழியில் சுரைக்குப் பெயர் 'பூ'. நம் பூ மாதிரி இல்லை, உதட்டைக் கொஞ்சம் அழுத்த வேண்டும். டின்னுக்கும் டப்பாவுக்கும் பெயர் அதே 'பூ'. இல்லை, மாட்டேன், முடியாது என்று எதைச் சொன்னாலும் அந்த வாக்கியம் முடிகிற இடத்திலும் அதே 'பூ'. தம்பி விதைகளைப் பழைய பால் டின்னில் போட்டு வைப்பான். சின்ன வயசில் அம்மா விதை கேட்டால் டின்னை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பூ தேமா பூ மஷிபூ" என்பான். டின்னுக்குள் சுரை இல்லை என்று அர்த்தம். அம்மா, "எங்க பாஷையில பூன்னா தலையில வைக்கிறது, குடுறா நாயே" என்பாள். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற இந்த வேடிக்கைக்கு மூன்று பேரும் தவறாமல் சிரிப்போம்.

எங்கள் வீடுகளில் பேச்சு அப்படித்தான். அம்மா தமிழில் கேட்பாள், தம்பி பர்மியில் பதில் சொல்வான். இரண்டு பேருக்கும் அது இரண்டு பாஷை என்கிற நினைப்பே இருக்காது. கோயில் வகுப்பில் தமிழ் எழுதப் படித்தவன் நான் ஒருவன். பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்துக் காலேஜுக்குப் போனவனும் எங்கள் வம்சத்தில் நான்தான் முதல். அப்பா க்யிம்யிண்டைங் துறையில் மூட்டை தூக்கியே போய்ச் சேர்ந்தார். நான் கியாக்டடாவில் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஆபீஸ் அட்டை என்னைக் கொஞ்சம் காப்பாற்றியது. தம்பியிடம் எந்த அட்டையும் இல்லை. பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்கள் என்று அவன் வயசுப் பையன்கள் சாயங்காலமானால் வெளியே வரப் பயந்த காலம். ஒரு தரகர் மூலமாக எல்லை தாண்டித் தாய்லாந்துப் பக்கம் வேலைக்குப் போவது என்று முடிவானது. மலைப்பாதை என்றார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கிளம்பும்போது டின்னை அம்மாவிடம் கொடுத்தான். "குளிர் விட்டதும் போடு. கொடி பந்தல் ஏறுறதுக்குள்ள நான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருவேன். சேர்ந்ததும் போன் போடுறேன்" என்று பர்மியில் சொன்னான். நாள் கணக்குக்காகச் சொன்ன பேச்சு. அம்மா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

குளிர் விடுகிற மாதிரி இல்லை என்றதும் அவளே ஒருநாள் பாதி விதைகளை ஊன்றிவிட்டாள். ஒன்றும் வரவில்லை. தம்பியிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. காலையில் பல் விளக்கும்போதே, "வந்துச்சா?" என்று கேட்பாள். எது என்று நான் திருப்பிக் கேட்டதில்லை. இரண்டுக்கும் பதில் ஒன்றாகவே இருந்தது.

அவள் சோறு குறைந்துகொண்டே வந்தது. கடைக்குப் போவாள், மாவு கரைப்பாள், பொரிப்பாள், உப்புப் பார்க்க மட்டும் நாக்கில் வைப்பாள். வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்து, "கொடியைக் காணோமே" என்று எழுந்துவிடுவாள். அதட்டியும் கெஞ்சியும் பார்த்தேன். தம்பியை மலையிலிருந்து கொண்டுவர என்னால் முடியாது. விதையை முளைக்க வைக்கலாம் இல்லையா? அப்படித்தான் அந்த மண்ணில் இறங்கினேன்.

மண்வெட்டி போட்ட இடமெல்லாம் செங்கல் துண்டு, கண்ணாடிச் சில்லு, மக்காத பை. தம்பி எப்படி இதில் விளைய வைத்தானோ. ஒரு முழம் ஆழம் தோண்டி, கையாலேயே பொறுக்கினேன். ஆபீஸில் விரலெல்லாம் பிளாஸ்திரியோடு தட்டச்சு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை க்யிம்யிண்டைங் துறைக்குப் போய், ஆற்றில் ஒதுங்கி அழுகிக் கிடந்த ஆகாயத்தாமரையை இரண்டு சாக்கில் அள்ளினேன். அப்பா மூட்டை இறக்கிய அதே படிக்கட்டு. பஸ்ஸில் கண்டக்டர், "பிணத்தை ஏத்துறியா?" என்றான். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அந்த வார்த்தை இறங்கும் வரை காதைவிட்டுப் போகவில்லை.

அரிசிக்கடை அம்மாள் பர்மியப் பெண். நாங்கள் 'அடோ' என்று கூப்பிடுவோம், அத்தை மாதிரி. சுவருக்கு மேலே தலையை நீட்டி, முகத்தில் அப்பிய தனகா மரப்பட்டைச் சாந்தோடு வேடிக்கை பார்த்தாள்.

"காலேஜுல இதுவா சொல்லிக் குடுத்தாங்க?" என்றாள் பர்மியில்.

"இல்ல அடோ. சொல்லிக் குடுத்திருந்தா ஒழுங்காத் தோண்டியிருப்பேன்."

"சாக்கை மூடு. என் அரிசியெல்லாம் இந்த நாத்தம் அடிக்கப் போகுது." தலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு தகர வாளி சுவர் மேல் வந்தது. உமிச் சாம்பல். "ஓரத்துல போடு. சூடு நிக்கும்னு சொல்லுவாங்க. எனக்குத் தெரியாது" என்ற குரல் மட்டும் கேட்டது.

அழுகிய இலையும் சாம்பலும் கலந்து மேடு கட்டி, மிச்ச விதைகளில் பாதியை நான் ஊன்றினேன். ராத்திரிக் குளிர் இறங்காமலிருக்க மேலே பழைய சாக்குகளைப் போர்த்தினேன். அம்மா உள்ளேயிருந்து தன் போர்வையைக் கொண்டுவந்து அதற்கும் மேலே போட்டாள். "உனக்கு?" என்றேன். "எனக்கென்ன, நான் மண்ணுக்கு மேலதான இருக்கேன்" என்றாள்.

பனி விடவில்லை. ஒரு வாரம் பொறுத்து, அம்மா கடைக்குப் போன பிறகு ஒரு குழியைக் கிளறிப் பார்த்தேன். விதை கையோடு வந்தது. அமுக்கினால் உள்ளே கஞ்சி. அடுத்ததும் அப்படி. எல்லாவற்றையும் கிளறினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. மண்ணை முன்பிருந்த மாதிரியே தட்டிச் சமன் செய்து, போர்வையை விரித்து வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். சாயங்காலம் அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"தோண்டினியா?"

"ம்."

"அழுகிருச்சா?"

அவள் போர்வையை எடுத்து உதறி மடித்தாள். அன்றைக்குத் தட்டின் முன்னால்கூட உட்காரவில்லை.

மறுநாள் காலையில் அந்த போன் வந்தது. மின்சாரம் இல்லாமல் எங்கள் போன் செத்துக் கிடந்தது. அடோவின் கடையில் பேட்டரி உண்டு, அதனால் தம்பியிடம் அவள் நம்பரும் கொடுத்து அனுப்பியிருந்தோம். சுவருக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு, "உன் மகன்! உன் மகன்!" என்று அவள் கூவினாள். அம்மா ஓடிப் போய் வாங்கினாள். நானும் காதை ஒட்டிக்கொண்டேன். காற்று அடிக்கிற சத்தம். யாரோ தூரத்தில் பேசுகிற சத்தம். நடுவில் 'அம்மா' என்று தெளிவாக ஒரு தடவை. அவன் குரல்தான். பிறகு கரகரப்பு. அதற்குள்ளிருந்து ஒரே ஓர் எழுத்து.

"...பூ..."

அவ்வளவுதான். அறுந்துவிட்டது. "என்னப்பா? பூவா?" என்று அம்மா தமிழில் கேட்டுக்கொண்டே இருந்தாள். திருப்பிப் போட்டால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் பதமாகச் சொன்னது. எத்தனை தடவை போட்டாலும் அதே பதம்.

"கெய்சா மஷிபூன்னு சொல்லியிருப்பான்" என்றாள் அடோ. கவலைப்பட ஒன்றும் இல்லை என்று அர்த்தம். "புள்ளைங்க அம்மாகிட்ட வேற என்ன சொல்லும்?"

"இல்ல. கொடியைப் பத்திக் கேட்டான்" என்றாள் அம்மா.

வீட்டுக்குள் வந்த பிறகும் அதையே சொன்னாள். "பூ வந்துச்சான்னு கேக்குறான். நான் என்னத்தைச் சொல்லுவேன்? அழுகிப் போச்சுன்னு சொல்லவா?" அழவில்லை. அடுப்பங்கரையில் நின்றுகொண்டு ஒரே கரண்டியைக் கழுவிக் கொண்டிருந்தாள்.

எனக்குள் வேறு வாக்கியங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மலாநைங்பூ, வர முடியாது. நே மகவுங்பூ, உடம்பு சரியில்லை. படித்தவனுக்கு இலக்கணம் தானாக வந்து நிற்கும். வேண்டாம் என்றாலும் நிற்கும். எத்தனையோ நாள் அடக்கி வைத்தது அன்றைக்கு வெளியே வந்துவிட்டது.

"அம்மா, அது சுரைக்கா இல்ல. சுரை முளைச்சிருச்சான்னு கேட்டா 'பூ பவுக் பீலா'ன்னு கேப்பான். 'பூ' முதல்ல வரும், 'லா' கடைசியில வரும். கடைசியில பூன்னு முடிஞ்சா இல்லைன்னுதான் அர்த்தம். ஏதோ ஒண்ணு இல்ல. என்ன இல்லைன்னுதான் நமக்குத் தெரியல."

அம்மா கரண்டியை வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கடைசின்னு உனக்கு யாரு சொன்னது?"

"என்னது?"

"அவன் பேசி முடிச்சானா? லைன்தான அறுந்துச்சு. அதுதான் கடைசின்னு நீ எப்படிச் சொல்றே பெரியவனே? அப்பதான் ஆரம்பிச்சிருப்பான்."

அவள் சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நம்பவும் என்னிடம் ஒன்றும் இல்லை.

அவள் டின்னைக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்ச விதைகள் விழுந்தன. துணிக்கிழிசலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, விதைகளைச் சுருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் சேலை கட்டுவது கோயிலுக்குப் போகும்போது மட்டும். மற்ற நாளெல்லாம் பர்மியப் பெண்களைப் போலத் தமேய்ன் என்கிற கைலிதான். அதன் மடிப்பில் அந்த ஈரத்துணி. நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்கிறவளுக்கு இடுப்புச் சூட்டுக்கு என்ன குறை. படுக்கும்போதும் எடுக்கவில்லை. "ஈரத்தோட படுத்தா ஜன்னி வரும்" என்று அடோ திட்டினாள். "ரெண்டைச் சுமந்தவளுக்கு இது ஒரு பாரமா" என்றாள் அம்மா. அடோவுக்குப் புரிவதற்காக அதைப் பர்மியில் சொன்னாள்.

சில நாள் கழித்துத் துணியைப் பிரித்தபோது, ஒரு விதை வாயைத் திறந்து வெள்ளையாக ஒரு நூலை நீட்டியிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே கிடந்தது. அம்மா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பின்பக்கம் வந்தாள். நான் குழி எடுத்தேன். ஊன்றிவிட்டுக் கை கழுவியவள், பானையிலிருந்து பழைய சோற்றைப் பிழிந்து, நின்றபடியே தின்றாள். முழுசாகத் தின்றாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பங்குனியில் ஒரேயடியாக வெயில் வந்தது. குளிர் இருந்த அடையாளமே இல்லை. கொடி எழுந்தது, பந்தல் ஏறியது. அது ஏறி முடித்த அன்று அம்மா கடைக்குப் போகாமல் அடோவின் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போன் வரவில்லை. மறுநாள் கடைக்குப் போய்விட்டாள். தரகர் நம்பரும் இப்போது அதே பதமான பெண் குரலில்தான் பேசுகிறது.

இதை எழுதும்போது மழைக்காலம். பந்தலில் காய் தொங்குகிறது. அம்மா ஒன்றையும் பறிக்கவில்லை. கடைக்குச் சந்தையில் வாங்கித்தான் பொரிக்கிறாள். எல்லாம் தோல் முற்றிக்கொண்டு வருகின்றன. போன வாரம் அடோ சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் குழம்புக்கு ஒரு காய் கேட்டாள்.

"பூ மஷிபூ" என்றாள் அம்மா.

"தலைக்கு மேல தொங்குதே, அது என்ன?"

"அது விதைக்கு."

பால் டின்னை அம்மா கழுவித் துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில், ஈரம் ஏறாத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். காலையில், "வந்துச்சா?" என்று இப்போதும் கேட்கிறாள். இப்போது அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான்.