காகத்துக்கு வைத்த சோறு

ஆடி அமாவாசைக்குக் காலமான அப்பாவை நினைத்து அண்ணை விரதம் இருப்பார். அம்மா சமைத்துப் படைத்து, காகத்துக்குச் சோறு வைப்பார். காகம் கொத்திய பிறகுதான் அண்ணை சாப்பிடலாம். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக்குடியிருப்பில் எங்கள் பல்கனிக்குப் புறாக்கள் மட்டுமே வந்தன. ரொறன்ரோவில் எங்களுக்கு அது மூன்றாவது கோடை. அண்ணையின் லீவும் அமாவாசையும் ஒன்றாக வந்ததால் வடக்கே ஏரிக்கரையில் விடுமுறைக்குத் தங்கும் கொட்டேஜ் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அங்கே காகம் வரும் என்பது அம்மாவின் கணக்கு.

நான் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு நிம்மதி. கொட்டேஜ் கதவில் கரடிகளைப் பற்றி ஒட்டியிருந்த ஆங்கில அறிவித்தலைத் தமிழில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினேன். சாப்பாட்டுச் சாமான் காரின் டிக்கிக்குள். குப்பை இரும்புப் பெட்டிக்குள். கரடியைக் கண்டால் ஓடக்கூடாது. பேசிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். காகத்துக்கு வைக்கும் சோறு எனக்குச் சாப்பாட்டுச் சாமானாகவும் படவில்லை, குப்பையாகவும் படவில்லை.

மத்தியானம் அம்மா சோறும் பருப்பும் வாழைக்காய்க் கறியும் முற்றத்தில் இருந்த மரக்குற்றியில் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டார். கரடி வந்தது. நான் நினைத்ததைவிடச் சிறியது. மூக்கு மண்ணிறம், ஒரு காது கிழிந்திருந்தது. அவசரமில்லாமல் நக்கித் தின்றது.

"ஓடாதேங்கோ. கதைச்சுக்கொண்டு பின்னுக்கு வாங்கோ," என்றேன்.

"கரடியோட என்னத்தைக் கதைக்கிறது?" என்றார் அண்ணை.

அம்மா அசையவில்லை. "தின்னட்டும். பசியோட வந்திருக்கு."

பக்கத்தில் குடியிருந்த கொட்டேஜ் சொந்தக்காரர், வயதான வெள்ளைக்காரர், சட்டியைத் தட்டி அதைத் துரத்தினார். பிறகு என்னிடம் மெதுவாகத்தான் சொன்னார்: நாளைக்கும் வரும். இங்கே கிடைக்காவிட்டால் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போகும். அப்படிப் பழகிய கரடியைச் சுட்டுவிடுவார்கள்.

அம்மாவிடம் சொன்னேன்.

"நான் வைச்ச சோத்தாலயோ?"

"ஓம் அம்மா."

அம்மா குனிந்து புல்லில் சிந்திய பருக்கைகளைப் பொறுக்கினார். நான் சுடுதண்ணீர் ஊற்றிச் சவர்க்காரம் போட்டுக் குற்றியைத் தேய்த்தேன்.

"அப்ப என்ர சாப்பாடு?" என்றார் படியில் இருந்த அண்ணை. "காகம் வரேல்லை. அப்பாதான் வந்தவர் எண்டு வைப்பம். கொஞ்சம் பெருத்துப் போனார்."

"வாயைப் பொத்து," என்ற அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணைக்குச் சோறு போட்டார்.

அடுத்த நாளும் கரடி வந்து குற்றியை மணந்து பார்த்தது. மூவரும் படியில் நின்று சட்டிகளைத் தட்டினோம்.

"போ. இஞ்ச ஒண்டும் இல்லை," என்று அம்மா கத்தினார். சாப்பாட்டு நேரத்தில் வந்த எவருக்கும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அது ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. நாங்கள் இருந்த மிச்ச நாட்களில் வரவில்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்கு அண்ணைக்கு ஒரு நாளுக்கு மேல் லீவு கிடைக்கவில்லை. அம்மா பல்கனியில் வைத்த சோற்றைப் புறாக்கள் கொத்தின. அண்ணை சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்தார். அம்மா பரிமாறாமல் என்னிடம் வந்தார்.

"அந்தக் கொட்டேஜ் மனுசனுக்கு ஒருக்கா போன் எடு. கரடி உயிரோட இருக்கோ எண்டு கேள்."

கேட்டேன். காது கிழிந்த கரடியைப் போன கிழமையும் கண்டாராம். தூரத்துச் சரிவில் காட்டுப்பழம் தின்றுகொண்டு நின்றதாம். வீடுகளின் பக்கம் வருவதே இல்லையாம்.

அம்மா அகப்பையை எடுத்தார்.

"இனிச் சாப்பிடு," என்றார் அண்ணையிடம்.